'அப்ரீவியேஷன்': ஒரு சொல்லின் பொருளும் அது வந்த வழியும்

ஆங்கிலத்தில் 'டாக்டர்' என்பதை டி, ஆர் என்று இரண்டே எழுத்தில் எழுதுகிறோம். அதைப் பார்ப்பவர் "டி.ஆர்." என்று வாசிப்பதில்லை, "டாக்டர்" என்றுதான் வாசிக்கிறார். தாளில் எழுத்து குறைந்தது, வாயில் சொல் குறையவில்லை. அப்ரீவியேஷன் என்பதன் அடிப்படைப் பொருள் இதுதான்: ஒரு சொல்லையோ தொடரையோ, அதன் பொருளில் எதையும் விடாமல், குறைந்த எழுத்துகளால் குறிப்பது.

'பொருளில் எதையும் விடாமல்' என்பதுதான் இதில் முக்கியம். ஐந்நூறு பக்க நாவலை நூறு பக்கமாக்கினால் அது அப்ரீவியேஷன் ஆகாது. அங்கே உள்ளடக்கமே குறைகிறது. ஆங்கிலத்தில் அதற்கு வேறு சொல் இருக்கிறது. கூட்டத்தை ஒரு மணி நேரம் முன்னதாக முடித்தால் அதற்கும் வேறு சொல். அகராதியைத் திறந்தால் இவை எல்லாவற்றுக்கும் 'சுருக்கு', 'குறை' என்றே தமிழில் பொருள் இருக்கும். அதை மட்டும் வைத்து ஒன்றின் இடத்தில் மற்றொன்றைப் போட்டால் வாக்கியம் கெட்டுவிடும். ஒவ்வொரு சொல்லும் எந்த வேரிலிருந்து கிளைத்தது என்று பார்த்துவிட்டால் எதை எங்கே போடுவது என்ற குழப்பம் பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

லத்தீனில் 'குறு'

லத்தீனில் 'பிரெவிஸ்' என்றால் குறுகிய, நீளமில்லாத. தமிழில் 'குறு' என்ற அடி எப்படிக் குறில், குறுக்கம், குறள், குறுகல் என்று கிளைக்கிறதோ, அப்படித்தான் பிரெவிஸும் கிளைத்தது. அதிலிருந்து 'பிரெவியாரே' என்ற வினை வந்தது: குறுக்கு. அதன் முன்னால் 'நோக்கி' என்ற பொருள் தரும் 'அட்' என்னும் முன்னொட்டு சேர்ந்து, பிற்கால லத்தீனில் 'அப்பிரெவியாரே' ஆயிற்று. குறுமையை நோக்கிக் கொண்டுபோ என்பது போன்ற பொருள்.

'அட்' எப்படி 'அப்' ஆனது? மரம் என்பதோடு கள் சேரும்போது மகரம், அடுத்து வரும் ககரத்துக்கு இணங்கி 'மரங்கள்' என்று திரிகிறதே, அதே போன்ற திரிபுதான். முன்னொட்டின் டி, அடுத்து வரும் பி என்ற எழுத்துக்கு இணங்கித் தானும் பி ஆகிவிட்டது. அதனால்தான் இந்தச் சொல்லில் பி இரண்டு முறை வருகிறது. ஆங்கிலத்தில் எழுதும்போது அதிகம் நேரும் பிழை இங்கேதான்: ஒரு பி-யை விட்டுவிடுவார்கள். ஒன்று முன்னொட்டின் பி, மற்றொன்று பிரெவிஸின் பி என்று நினைவு வைத்துக்கொண்டால் பிழை வராது. மொத்தம் 12 எழுத்துகள்: இரண்டு பி, ஒரே ஒரு வி. இரண்டாம் அசையை 'ப்ரீ' என்று நீட்டி ஒலிக்க வேண்டும்.

பார்வைக்கு இதே போலத் தொடங்கும் வேறு சொற்களோடு இதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. ஆய்வுக் கட்டுரையின் தலையில் வரும் 'அப்ஸ்ட்ராக்ட்' என்பதில் உள்ள முன்னொட்டு 'விலகி' என்று பொருள்படுவது. 'இழு' என்னும் வினையோடு சேர்ந்து 'வெளியே இழுத்தெடுத்தது' என்று ஆகிறது. முழுக் கட்டுரையிலிருந்து சாற்றைப் பிழிந்தெடுப்பது அது. அப்ரீவியேஷனுக்கும் அதற்கும் உறவில்லை.

பிரெவிஸின் பிள்ளைகள் ஆங்கிலம் முழுவதும் பரவிக் கிடக்கிறார்கள். 'ப்ரீஃப்' என்றால் சுருக்கமான. வழக்கறிஞர் வழக்கின் விவரங்களைச் சுருக்கி எழுதும் குறிப்புக்கும் அதே பெயர். அத்தகைய தாள்களை வைத்துக்கொள்ளும் பெட்டிதான் 'ப்ரீஃப்கேஸ்'. ஜெர்மன் மொழியில் இதே சொல்லுக்குக் கடிதம் என்று பொருள். 'ப்ரெவிட்டி' என்பது சொற்சுருக்கம் என்னும் பண்பு. உயிரெழுத்துக் குறிலாக ஒலிக்கிறது என்று காட்ட அதன் தலைமேல் போடும் சிறு கிண்ணம் போன்ற குறி 'ப்ரீவ்'. மேற்கத்திய இசைக் குறியீட்டிலும் ஒரு 'ப்ரீவ்' உண்டு, அதன் கதை விசித்திரமானது. இடைக்காலத்தில் 'லாங்கா' எனப்பட்ட நெடிய சுரக்குறிக்கு எதிராக நின்ற குறுகிய குறி அது. பின்னர் அதைவிடக் குறுகிய குறிகள் வரிசையாக வந்து சேர்ந்தன. இன்று அது எட்டு 'க்ராட்செட்' (கால் சுரக்குறி) நீளமுள்ள, அரிதாகவே எழுதப்படும் மிக நெடிய குறியாக நிற்கிறது. ஆனாலும் பெயர் மட்டும் 'குறியது' என்றே இருக்கிறது.

இன்னும் ஆழத்தில் போனால் கிரேக்கத்தின் 'ப்ரகீஸ்' என்ற சொல்லும் பிரெவிஸும் ஒரே மூலத்தைச் சேர்ந்தவை. அந்தக் கிரேக்கச் சொல்லிலிருந்து மேற்கைக்கு ஒரு பெயர் வந்தது, முன்கையைவிடக் குட்டையானது என்ற கருத்தில். அந்தக் கைப்பெயரிலிருந்து 'ப்ரேஸ்லெட்', 'எம்ப்ரேஸ்' முதலியவை வந்தன. லத்தீனில் குளிர்காலத்துக்கு 'ப்ரூமா' என்று பெயர். ஆண்டிலேயே மிகக் குறுகிய பகலைக் குறிக்கும் 'ப்ரெவிமா' என்ற வடிவம் தேய்ந்து அப்படி ஆனது.

பாலமில்லாத 'அப்ரிட்ஜ்'

நாவலைச் சுருக்குவதற்கு உரிய சொல் 'அப்ரிட்ஜ்'. கேட்டவுடன் பாலத்தைக் குறிக்கும் 'ப்ரிட்ஜ்' நினைவுக்கு வரும். பாலத்துக்கும் இதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை. இது அதே லத்தீன் அப்பிரெவியாரேதான். பிரெஞ்சு மக்களின் வாயில் சில நூற்றாண்டுகள் புழங்கி, 'அப்ரெஜியெர்' என்று உருமாறி, சுமார் 1300-இல் ஆங்கிலத்துக்கு வந்தது. லத்தீனின் 'வி' ஓசை பிரெஞ்சு வழியாக வரும்போது 'ஜ' ஆவது வழக்கம். கூண்டைக் குறிக்கும் 'காவெயா' ஆங்கிலத்தில் 'கேஜ்' ஆனது. 'சால்வியா' என்ற மூலிகை 'சேஜ்' ஆனது. வெள்ளப்பெருக்கான 'திலூவியும்' 'டெலியூஜ்' ஆனது. 'வி'யில் முடிந்த பிரெவி 'ப்ரிட்ஜ்' ஆனதும் இந்த வழியில்தான்.

அப்ரீவியேஷனோ அப்படி உருமாறவில்லை. படித்தவர்கள் 15-ஆம் நூற்றாண்டில் லத்தீன் வடிவம் அதிகம் கெடாமல் ஆங்கிலத்துக்குள் கொண்டுவந்தார்கள். ஆக, ஒரே தாய்க்குப் பிறந்த இரண்டு பிள்ளைகள் வெவ்வேறு பாதையில் வந்து ஒரே வீட்டில் சேர்ந்தார்கள். ஒரே பொருளுக்கு இரண்டு சொல் எதற்கு? வேலையைப் பிரித்துக்கொண்டார்கள். நூல், உரை, உரிமை போன்றவற்றைக் குறைப்பது அப்ரிட்ஜ். சொல்லையும் தொடரையும் எழுத்தில் குறைப்பது அப்ரீவியேட்.

'உரிமை' என்பதற்குப் புகழ்பெற்ற சான்று ஒன்று உண்டு. அமெரிக்க அரசமைப்பின் முதல் திருத்தம், 1791-இல் நடைமுறைக்கு வந்தது, பேச்சுச் சுதந்திரத்தை 'அப்ரிட்ஜ்' செய்யும் சட்டம் எதையும் நாடாளுமன்றம் இயற்றக் கூடாது என்கிறது. அங்கே பொருள் வெட்டிக் குறைப்பது. அந்த இடத்தில் அப்ரீவியேட் என்று போட்டால், 'சுதந்திரம்' என்ற சொல்லை இரண்டெழுத்தில் எழுதக் கூடாது என்பதுபோல் ஆகிவிடும்.

மற்ற உறவுகளை வேகமாகப் பார்த்துவிடலாம். 'ட்ரங்கேட்' என்பதில் இருப்பது, கிளைகள் வெட்டப்பட்டு நிற்கும் அடிமரம், லத்தீனில் 'ட்ருங்குஸ்'. நுனியை ஒரேயடியாக வெட்டுவது அதன் பொருள். 3.14159 என்ற எண்ணை 3.14 என்று நிறுத்திவிடுவது ட்ரங்கேட். வெட்டிய பகுதி என்னவென்று மிச்சத்தைப் பார்த்து அறிய முடியாது. அதுதான் இதற்கும் அப்ரீவியேஷனுக்கும் வேறுபாடு. 'கர்ட்டெய்ல்' என்பது வால் நறுக்கப்பட்ட குதிரையைக் குறித்த 'கர்ட்டல்' என்ற பழஞ்சொல்லிலிருந்து வந்தது. அதன் கடைசிப் பகுதிக்கும் வாலைக் குறிக்கும் 'டெய்ல்' என்ற சொல்லுக்கும் பிறப்பில் உறவில்லை. வால் நறுக்கியது என்ற எண்ணத்தால் மக்களே எழுத்தை அப்படி மாற்றிக்கொண்டார்கள். செலவு, பயணம், அதிகாரம் போன்றவற்றைப் பாதியில் குறைப்பதற்கு இது பொருந்தும். 'ஷார்ட்' என்ற எளிய சொல், வெட்டுதல் என்னும் பொருளுள்ள மிகப் பழைய வேரைச் சேர்ந்தது. சட்டையான 'ஷர்ட்'டும் பாவாடையான 'ஸ்கர்ட்'டும் அதன் உடன்பிறப்புகள்.

தோலும் மையும்

சொல் பிற்காலத்தது, பழக்கம் மிகப் பழையது. கி.மு. முதல் நூற்றாண்டில் ரோமில் புகழ்பெற்ற பேச்சாளரான சிசரோவின் செயலராக இருந்தவர் டிரோ. அடிமையாக இருந்து விடுதலை பெற்றவர். பேச்சை வேகமாக எழுதிக்கொள்ளும் குறிமுறை ஒன்று அவர் பெயரால் வழங்குகிறது. அதில் 'மற்றும்' என்பதற்கு ஏழு என்ற எண்ணைப் போன்ற ஒரு குறி உண்டு. அயர்லாந்தின் பெயர்ப்பலகைகளில் அந்தக் குறியை இன்றும் பார்க்கலாம்.

இடைக்கால ஐரோப்பாவில் நூல்களை விலங்குத் தோலில் எழுதினார்கள். தோலின் விலை அதிகம். கையால் எழுதுவதும் மெதுவான வேலை. எனவே படியெடுப்பவர்கள் எழுத்துகளை மிச்சம் பிடித்தார்கள். உயிரெழுத்தின் மேல் ஒரு கோடு இழுத்தால், அதையடுத்து 'எம்' அல்லது 'என்' விடுபட்டிருக்கிறது என்று பொருள். ஸ்பானிய மொழியில் 'என்' எழுத்தின் தலைமேல் நெளிந்து கிடக்கும் கோடு அந்தப் பழக்கத்தின் எச்சம். இரண்டு 'என்'னில் ஒன்று மேலே ஏறிக்கொண்டது. லத்தீனில் 'மற்றும்' என்று பொருள்படும் 'எத்' என்ற சொல்லின் இரண்டு எழுத்துகளும் பின்னிக்கொண்டு உருவானதுதான் கடைப்பெயர்களில் நாம் காணும் & குறி. தமிழ் ஆவணங்களிலும் நாளுக்கு ௳, மாதத்துக்கு ௴, வருடத்துக்கு ௵, 'மேற்படி' என்பதற்கு ௸ என்று கூட்டெழுத்துக் குறிகள் புழங்கின. எழுதும் கை களைக்கும் இடமெல்லாம் இப்படி ஏதாவது ஒரு வழி பிறந்திருக்கிறது.

அந்த லத்தீன் பழக்கத்தின் விளைவாகத்தான், ஆங்கிலச் சுருக்கம் பலவற்றில் எழுத்து ஒன்றும் சொல் ஒன்றுமாக இருக்கிறது. பவுண்டு எடைக்கு ஏன் எல், பி? லத்தீனில் தராசையும் எடையையும் குறித்த 'லிப்ரா'. நம்பருக்கு ஏன் என், ஓ? ஆங்கிலச் சொல்லில் 'ஓ' கிடையாது. லத்தீன் 'நூமெரோ'வில் உண்டு. அவுன்ஸுக்கு ஓ, இஸட் என்பது இத்தாலிய 'ஒன்ஸா'விலிருந்து. 'அதாவது' என்ற பொருளில் வரும் 'விஸ்.' என்பதன் முழுவடிவம் 'விதேலிகெத்'. அதன் கடைசியில் இருப்பது இஸட்டே அல்ல. 'எத்' என்பதற்காக எழுத்தர்கள் போட்ட வளைந்த குறி, அச்சுக்கு வந்தபோது இஸட் ஆகிவிட்டது.

இவற்றில் மிக அதிகமாகக் குழம்புவது 'ஈ.ஜி.', 'ஐ.ஈ.' இரண்டும்தான். முன்னது 'எக்ஸெம்ப்லி க்ராத்தியா', எடுத்துக்காட்டாக. பின்னது 'இத் எஸ்த்', அதாவது. பலவற்றில் சிலவற்றை மட்டும் காட்டினால் முன்னது. சொன்னதையே வேறு சொல்லால் விளக்கினால் பின்னது. "வாரத்தின் கடைசி இரு நாட்கள்" என்று எழுதி, அடுத்து "சனி, ஞாயிறு" என்றால் ஐ.ஈ.; "சில கோள்கள்" என்று எழுதி, "செவ்வாய், வியாழன்" என்றால் ஈ.ஜி. எடுத்துக்காட்டு என்று சொல்லித் தொடங்கிய பட்டியலின் முடிவில் 'எட்செட்ரா' போட வேண்டியதில்லை. பட்டியல் முழுமையில்லை என்பது தொடக்கத்திலேயே தெரிந்துவிட்டது. 'அண்ட் எட்செட்ரா' என்பதும் பிழை. எட்செட்ராவின் 'எட்' என்பதே 'மற்றும்'தான்.

எங்கே வெட்டினார்கள்?

நன்னூல் படித்தவர்களுக்கு அப்ரீவியேஷனின் வகைகள் புதிதாகத் தோன்றாது. செய்யுளில் தாமரை 'மரை' என்று வருவது முதற்குறை. ஓந்தி 'ஓதி' ஆவது இடைக்குறை. நீலம் 'நீல்' ஆவது கடைக்குறை. ஆங்கிலத்திலும் வெட்டு விழும் இடங்கள் இவையே. 'டெலிஃபோன்' தலையிழந்து 'ஃபோன்' ஆனது. 'எக்ஸாமினேஷன்' வாலிழந்து 'எக்ஸாம்' ஆனது. 'இன்ஃப்ளூயன்ஸா' இரண்டு பக்கமும் இழந்து 'ஃப்ளூ' ஆனது. இப்படிச் சொல்லையே நறுக்கிப் பேச்சிலும் வழங்குவதற்கு 'க்ளிப்பிங்' என்று பெயர். இவற்றில் 'பஸ்'ஸை நினைத்தால் வியப்பாக இருக்கும். லத்தீனில் 'ஒம்னிபுஸ்' என்றால் 'எல்லோருக்கும்'. அதில் 'புஸ்' என்பது வேற்றுமை உருபு மட்டுமே. தமிழில் 'எல்லோருக்கும்' என்பதை வெட்டி 'க்கும்' என்று ஒரு வண்டிக்குப் பெயர் வைத்ததற்குச் சமம் அது.

இடைக்குறைக்கு ஆங்கிலத்தில் 'கன்ட்ராக்ஷன்', 'சேர்த்து இழுப்பது'. முதலும் கடையும் நிற்க, நடு மறைகிறது. டாக்டரின் டி, ஆர் இந்த வகை. மேற்கோள்குறி போன்ற ஒற்றைக் கொம்பு வருவதும் இந்த வகையில்தான். எழுத்து எங்கே மறைந்ததோ அங்கே அது நிற்கும். மணி சொல்லும் 'ஓ'க்ளாக்' என்பதில் 'ஆஃப் த' என்பதன் பெரும்பகுதி அந்தக் கொம்புக்குள் மறைந்திருக்கிறது.

நன்னூலுக்குள் அடங்காத வகை ஒன்று உண்டு: தொடரின் ஒவ்வொரு சொல்லிலிருந்தும் முதலெழுத்தை எடுப்பது. எழுத்தெழுத்தாக உச்சரித்தால், பி.பி.சி. போல, அது 'இனிஷியலிசம்'. ஒரே சொல்லாக வாசித்தால், நேட்டோ போல, அது 'அக்ரனிம்'. கிரேக்கத்தில் 'அக்ரோன்' என்றால் நுனி. சொற்களின் நுனியால் ஆன பெயர். பேச்சில் இரண்டையுமே அக்ரனிம் என்பவர்கள் உண்டு. பிரித்துச் சொல்வதே தெளிவு என்பது எங்கள் கருத்து. அக்ரனிம் என்ற சொல் ஆங்கிலத்தில் புழக்கத்துக்கு வந்ததே 1940-களில்தான். 'ரேடார்' என்ற பெயரும் அதே காலத்தது. 'லேசர்' இன்னும் ஒரு படி மேலே போயிற்று. ஐந்து சொற்களின் முதலெழுத்துகளால் ஆன அதை மக்கள் சாதாரணப் பெயர்ச்சொல்லாக எடுத்துக்கொண்டு, அதிலிருந்து 'லேஸ்' என்று ஒரு வினையையும் உண்டாக்கிவிட்டார்கள்.

முதலெழுத்துகளைக் கண்டதும் விரிவு ஒன்றைக் கற்பிக்கும் ஆசையும் மக்களிடம் உண்டு. அதை நம்பிவிடக் கூடாது. 'எஸ்.ஓ.எஸ்.' என்பது 'எங்கள் உயிரைக் காப்பாற்றுங்கள்' என்ற ஆங்கிலத் தொடரின் சுருக்கம் என்று பலரும் சொல்வார்கள். அது எதன் சுருக்கமும் அல்ல. மோர்ஸ் தந்தி முறையில் மூன்று புள்ளி, மூன்று கோடு, மூன்று புள்ளி என்று எளிதில் பிரித்தறியக்கூடிய ஒலியாக இருந்ததால், 1906-இல் பெர்லினில் நடந்த பன்னாட்டு மாநாட்டில் அதை ஏற்றார்கள். விரிவு பின்னால் ஒட்டியது. மாறாக, 'ஓ.கே.' உண்மையாகவே ஒரு சுருக்கம். 'ஆல் கரெக்ட்' என்பதை வேண்டுமென்றே ஓ-விலும் கே-யிலும் தொடங்கும்படி தப்பாக எழுதிய விளையாட்டிலிருந்து பிறந்து, 1839 மார்ச் 23 அன்று பாஸ்டன் நகரச் செய்தித்தாள் ஒன்றில் அச்சேறியது.

எழுதும்போது

முற்றுப்புள்ளி எங்கே? பிரிட்டிஷ் முறையில் சொல்லின் கடைசி எழுத்து சுருக்கத்தில் இருந்தால் புள்ளி வேண்டாம். டாக்டர், மிஸ்டர் இரண்டின் சுருக்கமும் 'ஆர்' எழுத்தில் முடிவதால் அங்கே புள்ளி இல்லை. பேராசிரியரைக் குறிக்கும் 'ப்ரொஃப்.' பாதியில் நிற்பதால் புள்ளி உண்டு. அமெரிக்க முறையில் மூன்றுக்குமே புள்ளி உண்டு. எந்த முறையும் சரியே. ஒரே கட்டுரைக்குள் இரண்டையும் கலப்பதுதான் பிழை.

'எ' போடுவதா, 'அன்' போடுவதா என்பதை எழுத்து தீர்மானிப்பதில்லை, ஒலி தீர்மானிக்கிறது. எழுத்தெழுத்தாக வாசிக்கும் சுருக்கம் ஏ, இ, எஃப், எச், ஐ, எல், எம், என், ஓ, ஆர், எஸ், எக்ஸ் என்ற 12-இல் ஒன்றோடு தொடங்கினால் 'அன்'. 'யூ' உயிரெழுத்தானாலும் யகர ஒலியோடு தொடங்குவதால் 'எ'. எனவே 'அன் என்.ஜி.ஓ.', ஆனால் 'எ நேட்டோ'. இரண்டும் ஒரே எழுத்தில் தொடங்குகின்றன. வாசிக்கும் விதம்தான் வேறு.

பன்மைக்கு வெறும் எஸ் போதும். கொம்பு வேண்டாம், கொம்பு வந்தால் 'உடைய' என்று பொருள் மாறிவிடும். லத்தீன் வழிச் சுருக்கங்களில் பன்மையை எழுத்தை இரட்டித்துக் காட்டுவார்கள். சட்டப் பட்டத்தில் இரண்டு 'எல்' வருவதற்கு அதுதான் காரணம். அவை இரண்டு சொற்கள் அல்ல. 'சட்டங்களின்' என்று பொருள்படும் 'லேகும்' என்ற ஒரே பன்மைச் சொல். எனவே இரண்டு எல்லுக்கும் நடுவே புள்ளி வைப்பது தவறு.

'ஏ.டி.எம். மெஷின்', 'பின் நம்பர்' என்று சொல்லும்போது கடைசிச் சொல் இரண்டு தரம் வந்துவிடுகிறது. எம் என்பதே மெஷின், என் என்பதே நம்பர். பேச்சில் பரவாயில்லை, எழுத்தில் தவிர்க்கலாம். கிலோகிராம், மீட்டர் போன்ற அலகுகளின் எழுத்துகளோ அப்ரீவியேஷனே அல்ல. அவை பன்னாட்டு விதிப்படி குறியீடுகள். அவற்றுக்குப் புள்ளியும் இல்லை, பன்மை எஸ்ஸும் இல்லை. பெரிய எழுத்தையும் சிறிய எழுத்தையும் மாற்றவும் கூடாது. வாட்டுக்கு முன்னால் சிறிய எம் போட்டால் ஆயிரத்தில் ஒரு பங்கு, பெரிய எம் போட்டால் பத்து லட்சம் மடங்கு. இரண்டுக்கும் இடையே நூறு கோடி மடங்கு வித்தியாசம்.

அதிகம் அறியப்படாத சுருக்கத்தை முதல் முறை முழுவடிவத்தோடு தந்துவிட்டு, பிறகு சுருக்கத்தை மட்டும் எழுதுங்கள். ஒரு கட்டுரையில் இரண்டு இடத்தில்தான் வருகிறதென்றால் சுருக்கமே வேண்டாம். வாசகர் அதை நினைவில் வைக்கும் உழைப்பு, மிச்சமாகும் எழுத்தைவிடப் பெரிது.

சில இடங்களில் சுருக்கவே கூடாது. அமெரிக்க மருத்துவமனைகளுக்குத் தரச்சான்று வழங்கும் ஜாயிண்ட் கமிஷன், மருந்துச் சீட்டில் பயன்படுத்தக் கூடாத சுருக்கங்களின் பட்டியல் ஒன்றை 2004-இல் வெளியிட்டது. யூனிட்டைக் குறிக்கும் 'யூ' என்ற ஒற்றையெழுத்து அதில் இருக்கிறது. கையெழுத்தில் அது சுழியாகத் தெரிந்தால் 4 யூனிட் இன்சுலின் 40 ஆகிவிடும். 'எம்.எஸ்.' என்பதும் இருக்கிறது. மார்ஃபீன் சல்ஃபேட், மக்னீசியம் சல்ஃபேட் இரண்டுக்கும் அதே எழுத்துகள்தான். 1.0 என்று எழுதாமல் 1 என்றே எழுதச் சொல்கிறது அந்தப் பட்டியல், புள்ளி மங்கினால் பத்தாகிவிடும் என்பதால். மருந்தின் பெயரையும் 'யூனிட்' என்ற சொல்லையும் அங்கே முழுதாகவே எழுத வேண்டும்.